கப்பலேறிப் போன உள்ளங்கால்

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்கில் பட்டுவிடும், சுண்ணாம்பில் ஊறுகிற தோலின் வாசனை அது, புதிதாக வருகிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள், எங்களுக்கோ வெளியூர் போய் அந்த வாசனை இல்லாமல் படுத்தால் தூக்கம் வராது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் ஒற்றைத் தெருவாக இருக்கிறது எங்கள் காலனி. ஆண்கள் தோல் ஷாப்புக்குப் போவார்கள், பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஷூ தைப்போம். காலையில் கம்பெனி வேன் வெட்டின தோலைக் கொண்டுவந்து இறக்கும், சாயங்காலம் தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். எல்லாம் கப்பலில் போகிற ஷூ. அதைப் போட்டுக்கொள்ளும் கால்களை எங்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

மழைக்காலம் வந்தால் அவர்களுக்குக் கால் உரியும். முதலில் விரலிடுக்கு வெள்ளையாக ஊறிப் புண்ணாகும், பிறகு பெருவிரலுக்குக் கீழே சிவந்து பளபளவென்று மின்னும், பிறகு வெடிக்கும், பிறகு உரியும், உரிய உரிய அரிக்கும், பெஞ்சுக் காலில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டேதான் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வார்கள். வேப்பெண்ணெய் தடவுவோம், குப்பைமேனி அரைத்துப் போடுவோம், ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்சம்மா வெள்ளைக் களிம்பு கொடுத்து, ஈரத்தோடு விடாதீங்க, விரலிடுக்கைத் துடைங்க என்பார். தெருவே ஈரமாக இருந்தால் எதைத் துடைப்பது என்று நான் கேட்டதில்லை. குழாயடியில் என் முறையில் வேறொருத்தி குடத்தை வைத்தாலும் கேட்காதவள் நான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொடிப்பொடியாக உரியும். என் மகள் குயிலிக்கு, அவள் ஒன்றாம் வகுப்பு படித்த அந்த மழையில், முழுசாக உரிந்தது. ஆறின பாலில் ஏடு எடுக்கிற மாதிரி குதிகாலிலிருந்து விரல் நுனிவரை ஒரு கிழிசல் இல்லாமல் இரண்டு உள்ளங்கால் தோலும் ரேகையோடு என் கைக்கு வந்துவிட்டன. வலிக்குதாடி என்றேன். கூச்சமா இருக்குது என்று சிரித்தாள்.

காலில் உரிந்த தோலைத் தெருவில் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது என்பார்கள் இல்லையா, உரிந்த தோலை யாராவது தாண்டினாலும் அப்படித்தானாம், அதனால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடுவோம். அன்றைக்கு மழை விடவில்லை, குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. வெயில் வந்ததும் புதைக்கலாம் என்று இரண்டையும் ஜன்னல் மேடையில் வைத்தேன். அவை காய்ந்தன, சுருங்கின, வெளுத்தன, கடைசியில் மெத்தென்று என் விரல் நீளத்துக்கு ஆகிவிட்டன.

எங்கள் வீட்டில் அமுலு இருந்தாள், என் வீட்டுக்காரரின் தங்கை, புருஷனோடு ஒத்துவராமல் எங்களோடு வந்து தங்கினவள். தெருவிலேயே கை வேகம் அவளுக்குத்தான், வாய் வேகமும் அவளுக்குத்தான். அந்த வாரம் கம்பெனியிலிருந்து நடை பழகுகிற குழந்தைகளுக்கான ஷூ வந்திருந்தது, ஒரு ஜதை ஒரு உள்ளங்கையில் அடங்கும், உள்ளே பாதம் படுகிற இடத்தில் மெல்லிய தோல் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். சாயங்காலம் வேன்காரர் சாலமன் அண்ணன் ஹாரனை விடாமல் அமுக்குகிறார், கடைசி ஜதைக்கு உள்தோல் குறைகிறது, நான் அடுப்படியில் இருக்கிறேன், அமுலு உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி ஜன்னல் மேடையில் இருந்ததை எடுத்தாள், தைத்தாள், பல்லால் நூலைக் கடித்தாள், மூட்டையில் போட்டாள்.

மறுநாள் வெயில் வந்தது. நான் மண்வெட்டியோடு வந்து தேடினேன்.

"அதுவா அண்ணி? கம்பெனித் தோலுன்னு நெனச்சிக்கினேன். இன்னா பதமா இருந்துச்சு தெரியுமா" என்றாள் அமுலு. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு குயிலியின் காலைப் பார்த்தாள். தோல் ஷாப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கஜேந்திரனிடம் சொன்னேன். உடம்பை விட்டுப் போன தோல் போனதுதான், அதுக்குப் போய் அழுவாங்களா என்றார், நாள் பூராவும் தோலையே மிதிக்கிறவர். நானும் விட்டுவிட்டேன்.

மழை போய், பனி வந்து, பொங்கலும் கழிந்தது. ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டோடு உட்கார்ந்திருந்த குயிலி எழுந்து நின்றாள், இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தாள், தள்ளாடித் தள்ளாடி கொஞ்சம் நடந்தாள், தொபுக்கென்று உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். விளையாடுகிறாள் என்று டீச்சர் அதட்டினார். நான் போவல டீச்சர், என் காலு போவுது என்றாளாம். சாயங்காலம்வரை விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, முழங்கால் இரண்டும் சிராய்த்து, சோற்றுப் பருக்கை ஒட்டின சட்டையோடு வந்து சேர்ந்தாள், வந்தும் நிற்கவில்லை.

தெருவுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. கப்பலேறின தோல் கரை இறங்கிவிட்டது, ஏதோ ஒரு குழந்தை அதை மாட்டிக்கொண்டு நடை பழகுகிறது, அது நடந்தால் இதுவும் நடக்கும், வேறென்ன செய்யும் என்றார்கள். எந்த நாடு என்பதில்தான் பேச்சு வந்தது. சாலமன் அண்ணன் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். மலைமலையாகப் பெட்டி போகிறது, ஒரு ஜதையை எங்கே போய்த் தேடுவது என்று அங்கே சிரித்தார்களாம். நான் ஐந்தாவதோடு நின்றவள், உலகப் படத்தில் நீலம் நிறைய இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

பிறகு தெரு அந்தக் குழந்தையின் பொழுதைப் படித்துக்கொண்டது. நமக்கு மதியச் சோறு ஆகிற நேரத்தில் அதற்கு விடிகிறது. நம் காலையில் அது தூங்குகிறது, அதனால் குயிலி காலையில் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து பாடம் படிப்பாள், வேகவேகமாகப் படிப்பாள், மதிய மணியடித்தால் கால் போய்விடுமே. டீச்சர் வகுப்பின் பின்னால் ஒரு வரிசைப் பெஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நடக்க இடம் விட்டார், அவள் சுவரோரமாக நடந்துகொண்டே பாட்டைச் சொல்வாள். தைக்கிற பெண்கள், இப்ப அது தின்னுது போல, உட்கார்ந்திருக்குது என்பார்கள். இப்ப அவ அம்மா துரத்துறா, எப்படி ஓடுது பாரு என்பார்கள். திடீரென்று நின்ற இடத்திலேயே தங்தங்கென்று குதித்தால், தண்ணீரைக் கண்டுவிட்டது, நம்ம பிள்ளைங்க மாதிரிதான் அதுவும் என்று சிரிப்பார்கள். பையனா பெண்ணா தெரியாததால் பாப்பா என்று பெயர் வைத்தார்கள். பாப்பாவின் அம்மாவைப் பற்றியும் பேச்சு வந்தது. ஏனென்றால் மாசி வெயிலில், தார் உருகுகிற ரோட்டோரத்தில், குயிலியின் கால்விரல்கள் சில்லிட்டுச் சிவந்து, பிறகு நாவல் நிறமாகி, வீங்கி, தடித்து, தீப்பட்ட மாதிரி அரித்தன. ஆஸ்பத்திரியில் நர்சம்மா ரொம்ப நேரம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இது பனி பெய்யிற ஊர்ல வர்றது, நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன் என்றார், நெருப்பில் நேராகக் காட்டாதீங்க, கம்பளியில் சுத்தி வையுங்க என்றார். எங்கள் தெருவில் யாரிடம் கம்பளி இருக்கிறது. எதிர்வீட்டு மல்லிகா அக்கா சபரிமலைக்குப் போய்வந்த கொழுந்தனாரின் குரங்குக் குல்லாவை வெட்டி இரண்டு பாதத்துக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். அந்தப் பொம்பளைக்குக் கண்ணு கீதா இல்லையா, அவ்ளோ பனியில பிள்ளைக்குச் சாக்ஸ் போடாம எறக்கி விட்டுக்கீறாளே என்று தைத்துக்கொண்டே திட்டினாள்.

அது முதல் தெருப் பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்தது, யாரும் சொல்லி வரவில்லை. ஒவ்வொரு ஷூவையும் தைத்து முடித்ததும் உள்ளே விரலை விட்டுத் தடவுவார்கள், எங்காவது முடிச்சு உறுத்தினால் பிரித்து மறுபடி தைப்பார்கள். வேன் நிற்கும், ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும் என்று இருப்பார்கள்.

அமுலு ஊசியைத் தொடுவதை விட்டுவிட்டாள். மதியமானால் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள், குயிலி எங்கே நடந்தாலும் பின்னால் நடப்பாள், சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே ஊட்டுவாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் அவளைக் கோபிக்கவுமில்லை, எங்கள் இருவருக்கும் பேச நேரமே இல்லை, அவள் உட்கார்ந்தால் நான் நடக்க வேண்டும், நான் உட்கார்ந்தால் அவள். உட்கார்ந்திருக்கும்போதும் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நின்றால் எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

பயம் ஒன்றே ஒன்றுதான். தெரு முனையில் பச்சைத் தோல் ஏற்றின லாரிகள் போகிற ரோடு இருக்கிறது. பாப்பாவுக்கு நடை கூடியது, நடை ஓட்டமாகியது, அங்கே அது எதைப் பார்த்து ஓடியதோ, புறாவோ, அதன் அப்பாவோ, இங்கே ஒரு சாயங்காலம் குயிலி அமுலுவின் கையை உதறிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். யம்மா, நிறுத்து, யம்மா, நிறுத்து என்று கத்திக்கொண்டே ஓடினாள். ரோட்டோரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆயா கூடையோடு குறுக்கே விழுந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான், ரோடு முழுக்கக் கனகாம்பரம்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் என் பழைய புடவையைக் கிழித்து அவள் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டிவிட்டார். கட்டின பிறகும் அவள் கால் நடந்தது. நின்ற இடத்திலேயே நடந்தது, சிமெண்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது, குதிகால் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்து, தரையில் பிறை பிறையாகக் கோடு விழுந்தது, நான் துடைத்தேன், விழுந்தது, துடைத்தேன். மறுநாளும் கட்டினார். அதற்கு மறுநாள் அவர் புடவையை எடுக்கும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், பேச்சு வந்தது.

"கட்டாதீங்க. நான் கூட நடக்கிறேன்."

"எத்தினி நாளைக்கு நடப்ப?"

"அது நடக்கிற வரைக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினது அதுதான் முதல். அவர் புடவையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டார். அன்றிலிருந்து தெருவே முறை வைத்துக்கொண்டது. ரோட்டு முனையில் எப்போதும் ஒரு ஆள் கையை விரித்து நிற்கும், ஷிப்டு முடிந்து வருகிற ஆண்கள்கூடக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இன்னா அண்ணாத்தே, கோல் கீப்பரா என்று பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பா போகிற வழியெல்லாம் நடந்தேன். நின்றால் நின்றேன், சுற்றினால் சுற்றினேன், எங்கள் தெருவைத் தாண்டாமலே பார்க்காத ஒரு ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

கெங்கையம்மன் திருவிழா முடிந்த வாரம், ஒரு மதியம், சோறு ஆகியும் கால் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. ஷூ பத்தலை, கழற்றிப் போட்டுட்டாங்க, குழந்தை வளருது இல்ல என்று மல்லிகா அக்கா சொன்னாள். அமுலு ஓடிப்போய் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். இனிமே உன் காலு உன்னுதுடி, எங்க வேணா போ என்று குயிலியைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டாள். குயிலி அப்படியே மடங்கி விழுந்தாள்.

எழுந்திரு என்றோம். எழுந்திருக்கத்தான் பார்க்கிறேன் என்றாள். கால் சூடாகத்தான் இருந்தது, கிள்ளினால் வலித்தது, வெடிப்பெல்லாம் மூடி, புண்ணெல்லாம் ஆறி, அவ்வளவு அழகான பாதத்தை எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விரலைக்கூட அவளால் அசைக்க முடியவில்லை. பெட்டிக்குள் போட்டு மூடி வைத்த ஷூ எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முகர்ந்து பார்த்தால் பூட்டின பீரோவின் வாசனை, கூடவே பாச்சை உருண்டை வாசனை.

நிற்கணும் நிற்கணும் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். அது நின்ற பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன், பாதி வழியில் நின்று பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன், பாத்திரத்தைப் பாதி கழுவிவிட்டு எழுந்து வந்து தொட்டுப் பார்ப்பேன், தூங்குகிறவளின் விரலைப் பிரித்துப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். அடுத்த மழை வந்தது, மற்றப் பிள்ளைகளுக்குக் கால் உரிந்தது, அரித்தது, பெஞ்சில் தேய்த்தார்கள். என் மகள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் அரிச்சா நல்லா இருக்கும் என்றாள் ஒருநாள். அந்தப் பேச்சைக் கேட்டு அமுலு எழுந்து வெளியே போய்விட்டாள். தெருவில் இப்போது யாரும் உரிந்த தோலை ஜன்னலில் வைப்பதில்லை, மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு அப்போதே போய்ப் புதைக்கிறார்கள்.

பிறகு வெயில், பிறகு இன்னொரு மழை, குயிலி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், என் இடுப்பில் அவள் கனம் ஏறிவிட்டது. ஒரு மதியம், ஞாயிற்றுக்கிழமை, நான் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து யம்மா என்றாள். பாயில் நீட்டியிருந்த இரண்டு காலும் உதறின. ஒன்று மேலே போனது. அமுலு தூக்கி நிறுத்தினாள். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கட்டை விரலை ஊன்றி, ஒரு அடி வைத்தது. தொபுக்கென்று விழுந்தாள்.

தெரு கூடிவிட்டது. பாப்பா வந்துடுச்சு என்றார்கள். மல்லிகா அக்கா குனிந்து அந்த இடது காலையே பார்த்தாள். இது பாப்பா இல்ல, பாப்பாவுக்குக் காலு நேரா விழும், இது அதுக்குத் தம்பியோ தங்கச்சியோ, பழைய ஷூவை எடுத்து மாட்டி விட்டுக்கீறாங்க என்றாள். யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. அடுத்து என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நடப்பாள், ஓடுவாள், ரோட்டு முனையில் முறை வைத்து நிற்க வேண்டும், பிறகு ஒருநாள் ஷூ பத்தாது, பிறகு மறுபடி என் இடுப்பு.

குயிலி விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"எனக்கு நடக்கத் தெரியும்மா. இதுக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தானே எழுந்தாள். கால் உள்பக்கமாகத் திரும்பியது. அவள் குனிந்து இரண்டு கையாலும் அந்தக் கணுக்காலைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்தாள். அது மறுபடி திரும்பியது, அவள் மறுபடி வைத்தாள். இப்படி, இப்படி என்று அதனிடம் சொன்னாள், எங்களிடம் பேசுகிற குரலில் இல்லை, தொட்டில் பிள்ளையிடம் பேசுகிற குரலில். அது ஓடப் பார்த்தபோது கம்பியை விடாமல் பிடித்துக் காலை இழுத்து, நில்லு, மொதல்ல நிக்கக் கத்துக்கோ என்றாள். பாப்பா நடந்தபோது அவள் சின்னப் பிள்ளை, அது இழுத்த பக்கம் போனாள். இப்போது இது சின்னது, இவள் பெரியவள். கால் திமிறியது, நின்றது, கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று யோசிப்பதுபோல ஒரு விரல் மட்டும் தரையைச் சுரண்டியது. பிறகு நேராக ஒரு அடி வைத்தது.

அந்த மதியம் முழுக்க அவள் யாரையும் தொட விடவில்லை. அரிசி பானையில் ஊறிப்போனது. பொழுது இறங்குகிற நேரத்தில் அவள் கம்பியை விட்டாள், சுவரை விட்டாள், வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கால் ரோட்டுப் பக்கம் இழுத்தது. அமுலு பாய்ந்து முன்னால் போய்க் கையை விரித்தாள். தள்ளு அத்தை என்றாள் குயிலி. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ரோட்டில் லாரி ஒன்று போய், இன்னொன்றும் போனது. பிறகு அவள் திரும்பினாள். முதலில் வலது கால், பிறகு அந்தக் கோணல் இடது கால், இரண்டும் திரும்பி, வீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து வந்தன. அந்த ஊரிலும் அப்போது ஒரு குழந்தை எதையோ பார்த்துக் கிளம்பிப் போய், பாதியில் நின்று, திரும்பி அதன் அம்மாவிடம் வந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் நடக்கிறதே என்று அவர்கள் வீட்டில் வியந்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் பிள்ளை முதன்முதலாக வாசற்படி தாண்டினால் பொரியுருண்டை பிடித்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பது வழக்கம். குயிலி ஒரு வயதில் தாண்டினபோதே கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் அமுலு வெல்லப் பாகு காய்ச்ச உள்ளே போனாள், காய்ச்சிக்கொண்டே அழுதாள், புகை என்றாள். பொரியுருண்டை வந்தது. குயிலி வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்தாள்.

"அதுவும் இன்னிக்குத்தானேம்மா மொதமொதல்ல நடக்குது. அதுக்கு யாராச்சும் கை தட்டினாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும். எனக்குக் கூட்டத்தில் கை தட்டவும் வராது, கல்யாண வீட்டில்கூடச் சுவரோரமாக நிற்கிறவள் நான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவளுடைய பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் அந்த உள்ளங்காலில் தட்டினேன், மெதுவாக, கை தட்டுகிற மாதிரி, தட்டிக்கொண்டே இருந்தேன்.

பாதம் அசையாமல் கேட்டது. பிறகு ஐந்து விரலும் மெல்ல மடங்கி, பிறந்த குழந்தையின் பாதத்தில் விரல் வைத்தால் மடங்குமே அப்படி மடங்கி, என் விரலைப் பிடித்துக்கொண்டன.

குயிலி கடித்த பொரியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் மடக்கலம்மா" என்றாள்.